கராவின் தலைக்கயிறு

தினை விதைத்த அன்றே மிதித்துவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சுக்குக் கொரியாவின் ஜெஜு தீவில் இடமில்லை. ஹல்லா மலை எந்தக் காலத்திலோ கக்கிப் போட்ட சாம்பல்தான் அங்கே மண். அள்ளினால் உமி போல விரலிடுக்கில் ஒழுகிவிடும். ஒரு காற்று கிளம்பினால் மண்ணும் விதையும் சேர்ந்து எழும்பி அடுத்த புன்செய்க் காட்டுக்காரனின் கல்சுவரில் போய் அப்பிக்கொள்ளும். அதனால் விதை தெளித்த கையோடு பத்துப் பன்னிரண்டு குதிரைகளைக் காட்டுக்குள் இறக்கிச் சுற்றிச் சுற்றி நடக்க விடுவார்கள். ஆள் நெஞ்சுக்குக்கூட வராத குட்டைக் குதிரைகள். குளம்பு சின்னது, கல்லாக இறுகியது. அது பதித்த குழிக்குள் விதை பதுங்கிக்கொள்ளும், மண்ணும் கெட்டிப்படும்.

குதிரைகளைச் சும்மா விரட்டினால் மிதிக்காது. மூலைக்கு ஒன்றாகச் சிதறி, சுவரோரத்துப் புல்லைத் தேடும். ஒரு குதிரை முன்னால் நடக்க வேண்டும். அது நடந்தால்தான் மற்றவை பின்னால் வரும். அதை நடக்கவைக்க ஒருவர் முன்பாட்டுப் பாட, இன்னொருவர் பின்பாட்டு எடுப்பார். மலைச்சரிவு ஊரான மேலூரில் அந்த முன்குதிரை கரா. கறுப்புக் குதிரைக்கு அங்கே கரா என்றுதான் பெயர். வேறு பெயர் தேடி யாரும் மெனக்கெடுவதில்லை. ஆனால் கரா என்று மட்டும் சொன்னால் மேலூரில் கெசுனுடைய கராவைத்தான் குறிக்கும். அவள் புருஷன் துசிக்கின் குதிரை என்று யாரும் சொன்னதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. துசிக் ஜப்பானின் ஒசாகாவுக்குக் கப்பலேறிப் போய் மூன்று வருஷம் ரப்பர் செருப்புத் தொழிற்சாலையில் கிடந்தபோது, கெசுன் வீட்டில் உட்கார்ந்து தொப்பி நெய்தாள். ஆண்கள் குடுமி முடிந்து அதன்மேல் போட்டுக்கொள்ளும் குதிரைமயிர்த் தொப்பி. வால்மயிரை ஒவ்வொன்றாகப் பிரித்து, மர அச்சின் மேல் வளைய வளையக் கோத்து, ஒரு தொப்பி முடிய நாலு நாள் ஆகும். கண் பூத்துவிடும். அப்படி நெய்து விற்றுத்தான் மேய்ச்சல்காரர்களிடம் இரண்டு வயசுப் பெட்டையாக இருந்த கராவை வாங்கினாள். கொல்லனிடம் போய்த் தன் பேருக்கே ஒரு சூட்டுக்கோல் அடித்து வந்து அதன் தொடையில் சூடு வைத்தாள். பொம்பளை பேருக்குச் சூடா என்று கொல்லன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

கராவும் உழைப்புக்குச் சளைத்ததில்லை. மழை முடிந்தால் மிதி. அறுப்பு முடிந்தால் ஊர்ச் செக்குக்கல்லை இழுத்துச் சுற்றித் தினையை உமி நீக்கும். குளிருக்கு மலையிலிருந்து விறகு இறக்கும். வருஷத்துக்கு ஒரு தரம் வால்மயிர் கத்தரிக்கக் கொடுக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு குட்டியும் போட்டது. பதினைந்து வருஷத் தாம்பத்தியத்தில் கெசுனுக்குக் குழந்தை இல்லை. அதை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை என்றாலும், கரா குட்டி போடும் சமயத்தில் பார்க்க வந்த பெண்கள் கெசுனைப் பார்க்காமல் குதிரையையே பார்த்துக்கொண்டு பேசுவார்கள்.

துசிக் ஒசாகாவிலிருந்து திரும்பியபோது தனியாக வரவில்லை. போன்ஹி என்ற கடலோரப் பெண், அதே தொழிற்சாலையில் வேலை செய்தவள், கூட இறங்கினாள். கெசுனை விடப் பத்து வயசு சின்னவள். கீழே கடலோர ஊரில் அவளுக்கு ஒரு வீடு, பக்கத்தில் ஒரு குத்தகைக் காடு. மேலூரிலிருந்து ஒரு நடை இறக்கம். துசிக் பத்து நாள் அங்கே, பத்து நாள் இங்கே என்று இருந்தான். தீவில் இது நடக்காத காரியமல்ல. கெசுன் அழவும் இல்லை, சட்டி பானையைப் போட்டு உடைக்கவும் இல்லை. பிள்ளை வேண்டுமென்று செய்தான், செய்யட்டும் என்று சொல்லிக்கொண்டாள். மனுஷனைப் பங்கு வைத்துக்கொள்ள அவளால் முடிந்தது.

குதிரை விஷயம் வேறாகப் போயிற்று.

ஒசாகாவிலிருந்து திரும்பிய மறுவருஷம் முதல் மழை முடிந்ததும் துசிக் மேலூர்க் குதிரைகளைச் சேர்த்து ஓட்டிக்கொண்டு கீழே போனான். கராவும் அதன் காலடியிலேயே இரண்டு மாசக் குட்டியும் போயின. போன்ஹியின் காட்டில் மேல்துண்டு நிலத்தைத்தான் முதலில் மிதிக்கப் போகிறேன், கடற்காற்று அங்கேதான் முன்னால் அடிக்கும் என்றான். நியாயம்தான். கெசுன் சரி என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு சுன்வொல் தண்ணீர்ப் பானையோடு முற்றத்துக்கு வந்தாள். போன்ஹியின் ஊரில் அவளுக்குத் தங்கை இருந்தாள். கீழ்ச் செய்தி எல்லாம் அந்த வழியாக வரும். பானையை இறக்கி வைத்துவிட்டு மழை, பார்லி விளைச்சல் என்று சுற்றிச் சுற்றிப் பேசினாள். கெசுன் மயிரைப் பிரித்தபடியே, வந்த விஷயத்தைச் சொல்லு என்றாள்.

"உன் கரா அவ பின்னால நடக்குதாம்டி."

"எவ பின்னால?"

"இளையவ பின்னாலதான். உன் வீட்டுக்காரர் முன்னால பாட, அவ பின்பாட்டு எடுத்தாளாம். ரெண்டு சுத்து போனப்புறம் அவரு சுருட்டுப் பிடிக்க ஒதுங்கிட்டாராம். அவளே தலைக்கயித்தப் புடிச்சு முன்னால போயிருக்கா. கரா ஆட்டுக்குட்டி மாதிரி பின்னால போச்சாம். எந்தங்கச்சி பாத்துட்டுச் சொல்றா, நல்ல குரலாம்ல அவளுக்கு."

கெசுனின் விரலில் இருந்த மயிர் அறுந்தது. பன்னிரண்டு வருஷமாக மிதிக் காட்டில் பின்பாட்டு எடுத்தவள் அவள். வீட்டுக்காரி எடுக்கிற பாட்டு அது.

"வயித்தோடயா இதெல்லாம் செய்யிறா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆறு மாசம். தெரியவே தெரியாதாம், ஒட்டின வயிறு" என்றாள் சுன்வொல்.

மறுநாள் சந்தை. விற்க மூன்று தொப்பிதான் இருந்தது. இன்னும் நாலு சேரட்டும் என்று வைத்திருந்தாள். ஆனாலும் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கினாள். சந்தைக்கு நேர்ப்பாதை உண்டு. அதை விட்டு, போன்ஹியின் காட்டைத் தொட்டுப் போகும் சுற்றுப்பாதையைப் பிடித்தாள். பொத்தல் விழுந்த கருங்கற்களை அடுக்கிய சுவர் அவள் கழுத்தளவு இருந்தது. கல்லிடுக்கு வழியே பார்த்தாள்.

மிதி முடிந்து குதிரைகள் இளைப்பாறிக்கொண்டிருந்தன. பெர்சிம்மன் பழச் சாயம் ஏற்றிய காவிச் சட்டையில் போன்ஹி நின்றாள். கையில் சுரைக்குடுக்கை. அதிலிருந்து வேகவைத்த பார்லியை அள்ளி அள்ளி நீட்ட, கரா உதட்டைக் குவித்து அவள் உள்ளங்கையில் தின்றது. குட்டி அவள் சட்டை ஓரத்தைச் சவைத்தது. கரா யார் கையிலும் தின்னாது. துசிக்கின் கையிலேயே தின்னாது. தொட்டியில் போட்டுவிட்டு விலகினால்தான் வரும். கெசுன் இதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள்.

புருஷனும் அவளும் ஒரே பாயில் கிடந்ததைப் பார்த்திருந்தால்கூட இப்படி எரிந்திருக்காது. கெசுன் திரும்பி நடந்திருப்பாள். அதற்குள் குட்டி தலையைத் தூக்கிச் சுவர்ப்பக்கம் பார்க்க, போன்ஹியும் பார்த்துவிட்டாள்.

"அக்கா, வாங்க வாங்க. வெயில்ல நிக்கிறீகளே" என்று ஓடி வந்து வாசலை அடைத்திருந்த குறுக்குக் கழிகளை உருவினாள்.

போகாமல் இருக்க முடியவில்லை. துசிக் யாரையோ பார்க்கத் துறைக்குப் போயிருந்தான். சுவர் நிழலில் உட்காரவைத்து, பொடிமீனை முள்ளோடு சீவி, சோயாவிழுது கரைத்த குளிர்ந்த தண்ணீரில் வெள்ளரியோடு போட்டுக் கொடுத்தாள் போன்ஹி. அந்த வெக்கைக்கு அது தொண்டையில் இதமாக இறங்கியது. நன்றாக இருந்தது என்பதே கெசுனுக்குப் பிடிக்கவில்லை.

"உப்புக் கொஞ்சம் தூக்கல்" என்றாள்.

"அவுகளும் அதத்தான் சொன்னாக" என்று சிரித்தாள் போன்ஹி. பிறகு கராவைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தாள். பேச ஆள் கிடைத்தால் நிறுத்த மாட்டாள் போலிருந்தது. "இந்தக் குதிரைக்குப் பின்னால எவ்வளவு கதை இருக்கு பாத்தீகளாக்கா. அறுநூறு எழுநூறு வருஷம் முன்னால மங்கோலியாக்காரன் கப்பல்ல குதிரை கொண்டாந்து இந்தத் தீவுல எறக்குனானாம். ஆனா அதுக்கும் முந்தியே இங்க ஒரு குட்டைச் சாதி இருந்துச்சாம். அதுமேல ஆளு ஏறி உக்காந்து பழமரத்துக்கு அடியில குனியாமப் போகலாமாம். ரெண்டும் கலந்துதான் இதுகன்னு அவுக சொன்னாக."

கெசுன் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அப்புறம் ராஜாவுக்கு வருஷா வருஷம் குதிரை ஏத்தி அனுப்பணுமாம். மந்தையில ஒண்ணு செத்தாலும் மேய்ச்சவன்தான் ஈடு கட்டணும். இல்லாதவன் நெலத்த வித்தான், அதுவும் இல்லாதவன் பெத்த பிள்ளைய வித்தானாம். அவுக பூட்டனோட தங்கச்சி அப்படி ஒரு குதிரைக்காகப் போன பிள்ளைதானாமே. சொல்லும்போது அவுக கண்ணு கலங்கிருச்சு. உங்களுக்குத் தெரிஞ்ச கதையாத்தான் இருக்கும்."

கெசுனுக்குத் தெரியாது. பதினைந்து வருஷத்தில் அவன் அவளிடம் பேசியதெல்லாம் வைக்கோல் தீர்ந்தது, கூரைக் கயிறு தளர்ந்தது, கஞ்சி சூடு. பூட்டனுக்கு ஒரு தங்கை இருந்ததே அவளுக்குச் செய்தி. அவளுடைய குதிரையைப் பற்றிய கதை. அவளிடம் சொல்லாமல் இவளிடம் சொல்லி, கண்ணும் கலங்கியிருக்கிறான்.

"தெரியும். எத்தனையோ தடவ சொல்லியிருக்காரு" என்று எழுந்தாள்.

அன்று சந்தையில் தொப்பிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

அடுத்த முறை துசிக் மேலூருக்கு வந்தபோது நல்ல மனநிலையில் இருந்தான். குதிரைகளோடு வந்து மேலூர்க் காடுகளையும் மிதித்து முடித்திருந்தான். போன்ஹியின் கீழ்த்துண்டு ஒன்றுதான் பாக்கி, அதுதான் பெரிய துண்டு. நாளை மறுநாள் விதைத்து மிதித்துவிட்டால் இந்த வருஷத்துப் பாடு முடிந்தது என்று காலைக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே சொன்னான். அதே குரலிலேயே இன்னொன்றையும் சொன்னான்.

"இந்தக் குட்டிக்கு இலையுதிர் மாசத்துல சூடு வைக்கணும்ல, அத கீழ ஊர்ல வச்சே போட்டிருவோம். பொறக்கப் போற பிள்ளைக்குன்னு ஒரு குதிரை இருக்கட்டும்."

"எந்தச் சூட்டுக்கோலு?"

"புதுசா ஒண்ணு அடிக்கச் சொல்லியிருக்கேன்."

"குதிரை என்னோடது."

"ஒன்னதுதான். யாரு இல்லன்னா? ஒரு குட்டியத்தான கேக்குறேன். உனக்கு எதுக்கு இத்தன?" என்றான். சொன்ன பிறகு அது வேறு மாதிரி விழுந்துவிட்டதென்று அவனுக்கே தெரிந்தது. கஞ்சிக் கிண்ணத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைக் குடித்தான். கெசுன் கிண்ணத்தை வாங்கிக் கழுவப் போனாள். மறுநாள் அவன் குதிரைகளை ஓட்டிக்கொண்டு கீழே போனான்.

விதைப்புக்கு முந்தின நாளே குதிரைகளைக் காட்டோரத்துத் தரிசில் அடைத்து வைப்பது வழக்கம். கிடை கிடந்தால் எரு சேரும். கராவை மட்டும் ஒரு கல்லில் கட்டிப் போட்டால் போதும், மற்றவை அதை விட்டு எங்கும் போகாது.

விதைக்கிற அன்று விடிந்தும் விடியாமல் கெசுன் இறங்கிப் போனாள். கிளம்பும்போது என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கால்கள் போயின. தூரத்தில் கீழ்த்துண்டில் நாலைந்து பேர் குனிந்து விதை தெளித்துக்கொண்டிருந்தார்கள். துசிக்கின் முதுகு தெரிந்தது. தரிசுப் பக்கம் ஆள் இல்லை. கரா அவளைப் பார்த்ததும் மெல்லக் கனைத்தது. அவள் போய் அதன் நெற்றியில் முகத்தை வைத்து நின்றாள். கழுத்திலிருந்து பார்லி மணம் வந்தது. அவள் பார்லி கொடுப்பதில்லை.

தலைக்கயிற்றைக் கழற்றினாள். வாசல் கழியை உருவி, கராவையும் குட்டியையும் வெளியே விட்டு, கழிகளை மறுபடி சொருகினாள். முன்னால் அவள் நடக்க, கயிறில்லாமலே கரா பின்னால் வந்தது. பைன் மரங்களைத் தாண்டி மேய்ச்சல் வெளிக்குப் போகும் பாதையில் ஏறியதும் அதன் பின்பக்கத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அவிழ்த்துவிட்ட நூறு இருநூறு குதிரைகள் மேய்கிற மலை அது. போய்க் கலந்துவிட்டால் தேடிப் பிடிக்க இரண்டு நாளாகும். கரா ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குட்டியோடு ஏறிப் போயிற்று.

வீட்டுக்கு வந்து அச்சின் முன்னால் உட்கார்ந்தாள். முற்பகலில் காற்று எழுந்தது. கூரையை இழுத்துக் கட்டிய கயிறுகள் முனகத் தொடங்கின. நல்லா அடி என்று வாய்க்குள் சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் கடற்பக்கம் மண் எழும்பி மஞ்சளாகத் தெரிந்தது. விதையோடு எழும்பிய மண். அவள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

மத்தியானம் தாண்டி துசிக் வந்தான். முகமெல்லாம் புழுதி. கையில் ஒரு முழக் கயிற்றுத் துண்டு. கரா கயிற்றை அறுத்து, வாசல் கழியைத் தள்ளிவிட்டு ஓடிவிட்டது, குட்டியும் கூடப் போயிருக்கிறது, இங்கே வந்ததா என்று மூச்சிரைக்கக் கேட்டான். முன்குதிரை இல்லாமல் மற்ற பதினொன்றும் மூலையில் போய் ஒட்டிக்கொண்டு அசையவில்லையாம். பைன் கிளைகளைக் கட்டி, மேலே கல்லை ஏற்றி, ஆட்களே இழுத்து மண்ணை அமுக்கிப் பார்த்தார்களாம். போன்ஹியும் வயிற்றோடு இழுத்தாளாம். சொல்லச் சொல்லக் கேட்கவில்லையாம். பாதிக் காடு தேறியது. பாதி போயிற்று.

"பழைய கயிறு. கல்லுல தேஞ்சு தேஞ்சு அறுந்திருக்கு, பாரு" என்று துண்டை அவள் மடியில் போட்டுவிட்டு மலையைப் பார்க்க ஓடினான்.

கெசுன் அதை எடுத்துப் பார்த்தாள். கயிற்றை அவள் அறுக்கவில்லை. கழற்றியதை வலமிருந்து இடமாக மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே சொருகி, கல்லின் மேல் வைத்துவிட்டு வந்திருந்தாள். கைப்பழக்கம். வீட்டில் எல்லாக் கயிறும் அப்படித்தான் இருக்கும். இந்தத் துண்டின் நுனியோ பிசிறு பிசிறாக இருந்தது. நாளெல்லாம் மயிரிழைகளைப் பார்க்கிற கண் அவளுடையது. பிசிறுகளைப் பிரித்தாள். ஓரத்து இழைகள்தான் தேய்ந்திருந்தன. நடு இழைகள் எல்லாம் ஒரே சரிவாக, அரிவாள் வெட்டு.

யாரோ வெட்டி, கல்லில் தேய்த்து, அவள் சொருகிய கழியையும் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். யார் என்று யோசிக்கத் தேவையில்லை. விடியலில் குடுக்கையில் பார்லியோடு குதிரைக்கு ஊட்டப் போகிறவள் ஒருத்திதான்.

அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துத் தெரிந்துகொண்டு, மறைத்திருக்கிறாள். காட்டிக்கொடுத்திருந்தால் கெசுன் தாங்கியிருப்பாள், மல்லுக்கு நின்றிருப்பாள். இது அவளைக் கூசவைத்தது. கூச்சத்தின் அடியில் பழைய எரிச்சலே இன்னும் பெரிதாக எரிந்தது. புருஷன் மனசு, பின்பாட்டு, குதிரையின் வாய், வயிற்றில் பிள்ளை, இப்போது பெருந்தன்மையும் அவளுக்கே போய்விட்டது.

மலையில் மூடுபனி இறங்கிவிட்டது. துசிக்கும் இன்னும் மூன்று பேரும் இரண்டு நாள் தேடி வெறுங்கையோடு வந்தார்கள். மூன்றாம் நாள் காலை அவர்கள் மேற்குப் பக்கம் போக, கெசுன் கிழக்குப் பக்கம் கிளம்பினாள். வாசலில் போன்ஹி நின்றாள். தலையில் சோற்றுக்கூடை. தேடுகிறவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன் என்றாள். உள்ளங்கைகள் இரண்டிலும் கயிறு இழுத்த கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

"அவங்க போயாச்சு. வச்சிட்டுப் போ" என்றாள் கெசுன்.

போன்ஹி கூடையை வைத்துவிட்டு அவள் பின்னாலேயே வந்தாள். திரும்பிப் போ என்று இரண்டு தரம் சொல்லியும் வந்தாள். மொட்டைக் குன்றின் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எங்கோ குதிரைகள் புல்லைக் கடித்து இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கெசுன் நின்றாள். திரும்பாமலே கேட்டாள். "கயித்த ஏன் அறுத்த?"

போன்ஹி கொப்புளக் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க சுருட்டி வச்சிருந்தத அவுக பாத்தா ஒடனே தெரிஞ்சிரும்ல."

"தெரியட்டுமே. உனக்கென்ன?"

"தெரிஞ்சா உங்க வாசல மிதிக்க மாட்டாக. வருஷம் பூரா எங்கிட்டயே கெடப்பாக."

"அதுதான உனக்கு வேணும்."

"வேண்டாம்க்கா" என்றாள் போன்ஹி. குரல் முதல் முறையாகக் கடுமையாக வந்தது. "அங்க இருக்கும்போதெல்லாம் உங்க பேச்சுத்தான். கெசுன் நெய்யிற தொப்பியில தண்ணி ஊத்துனா நிக்கும். கெசுன் வடிச்ச சோறு இப்படிக் குழையாது. கெசுன் இருந்தா இந்தக் கூரைய இப்படி விட மாட்டா. நான் பின்பாட்டு எடுத்தேன்ல, முடிஞ்சதும் என்ன சொன்னாக தெரியுமா? குரல் நல்லாத்தான் இருக்கு, ஆனா குதிரை காதத் தூக்கல, கெசுன் பாடுனா தூக்கும்னாக. அதான் நான் பார்லியக் காட்டி இழுத்தேன். இல்லன்னா அது எம்பின்னால ஒரு அடி வராது. நீங்க மட்டுந்தான் எரியிறீகன்னு நெனச்சீகளா?"

கெசுன் திரும்பி அவளைப் பார்த்தாள். மூக்கு நுனியில் பனித்துளி நின்றது. அழுகிறாளா, பனியா என்று தெரியவில்லை.

"இதெல்லாம் எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல அந்த மனுஷன்" என்றாள் கெசுன்.

"எங்கிட்ட மட்டும் எனக்கு வேண்டியதச் சொல்றாகளாக்கும்."

அந்த நேரத்தில்தான் கனைப்புக் கேட்டது. கெசுனுக்கு அந்தக் குரல் தெரியும். ஓடினாள். குன்றின் கிழக்குச் சரிவில், முட்புதர் மூடிய ஒரு பள்ளத்தின் விளிம்பில் கரா நின்றது. பழைய எரிமலைக் குகையின் கூரை இடிந்து விழுந்த குழி, இரண்டாள் ஆழம். மூன்று நாளும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை என்பது விளிம்பில் மிதிபட்ட புல்லிலும் சாணத்திலும் தெரிந்தது. கெசுன் முள்ளை விலக்கிப் பார்த்தாள். கீழே கற்களுக்கிடையே குட்டி விறைத்துக் கிடந்தது. முன்கால் மடங்கிக் கிடந்த விதத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது.

அவள் அழவில்லை. விளிம்பில் உட்கார்ந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கராவின் மடி கல்லாகக் கட்டி, காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, பால் கட்டிக்கிச்சு. கறந்து விடலன்னா காய்ச்சல் வந்து இதுவும் போயிரும்" என்றாள் போன்ஹி.

போன்ஹி கராவின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கெசுன் குனிந்து கறந்தாள். வலியில் கரா இரண்டு முறை உதைத்தது; ஒன்று கெசுனின் தோளில் விழுந்தது. அவள் விலகவில்லை. பால் மண்ணில் விழுந்து உடனே உள்ளே போயிற்று. பிறகு இருவரும் கைக்கு அகப்பட்ட கற்களை எல்லாம் பொறுக்கிப் போட்டுக் குட்டியை மூடினார்கள். போன்ஹி பெரிய கல்லைத் தூக்கப் போனபோது கெசுன் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் கராவோடு வீடு வந்து சேர்ந்தபோது துசிக் முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தான். குதிரையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. குட்டியைக் காணாமல் வாடியது. குட்டி குழியில் விழுந்ததைப் போன்ஹி சொன்னாள், கயிற்றுப் பேச்சை எடுக்காமல்.

"போகட்டும். தாயாவது கெடச்சுதே. கயிறு பழசு, நாந்தான் கவனிச்சிருக்கணும்" என்றான் அவன்.

அவன் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டது கெசுனுக்குப் பொறுக்கவில்லை. இனி இந்த வாசலில் போன்ஹியின் தயவில் உட்கார்ந்திருக்கவும் அவளால் முடியாது.

"கயிறு அறுகல" என்றாள். "நான் வந்து அவுத்து விட்டேன். அவ காடு வெளங்கக் கூடாதுன்னுதான் விட்டேன்."

துசிக் தண்ணீர்க் குடுவையைக் கீழே வைத்தான். திண்ணையில் கிடந்த கயிற்றுத் துண்டை எடுத்தான்.

"அப்ப இந்தத் துண்டு?"

"நான் அறுத்தேன்" என்றாள் போன்ஹி.

அவன் ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் பார்வையைத் திருப்பினான். கோபம் வருமென்று கெசுன் காத்திருந்தாள். வந்தது கோபம் மட்டுமல்ல. இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுபோனால் ஒருவன் முகம் எப்படி ஆகுமோ, அப்படி ஆயிற்று.

"ரெண்டு பேரும் சேந்துக்கிட்டீக" என்றான். "மூணு நாளு நான் நாயா மலையில அலையிறேன். ஒங்களுக்குள்ள எல்லாம் தெரியும். எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது."

கராவின் பக்கம் திரும்பினான்.

"இந்தக் குதிரைய அடுத்த சந்தையில தள்ளிட்டுத்தான் மறுவேலை."

"தள்ளுங்க. தொடையில இருக்கிற சூடு யாருதுன்னு வாங்குறவன் கேப்பான்" என்றாள் கெசுன்.

"அக்கா குதிரை அது" என்றாள் போன்ஹியும்.

அவன் ஈரக்காலோடு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கீழேயும் போகவில்லை. செக்குக்கல் கொட்டகையில் போய் உட்கார்ந்திருக்கிறான் என்று சுன்வொல் வந்து சொல்லிவிட்டு, இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமல் போனாள்.

கெசுன் அடுப்பை மூட்டினாள். கடற்பாசி போட்டுப் பன்றி எலும்புச் சாறு சுண்டவைத்து, பார்லிச் சோறு வடித்து, போன்ஹிக்கு முன்னால் வைத்தாள். ஆள்விட்டு அவனைக் கூப்பிடலாமா என்று போன்ஹி கேட்டாள். பசித்தால் வருவான் என்றாள் கெசுன். மேலூரில் எல்லாம் மிதித்தாயிற்று, என்னிடம் இரண்டு மரக்கால் விதைத்தினை மிச்சம் இருக்கிறது, ஈரம் காய்வதற்குள் நாளைக் காலையில் கொண்டுவருகிறேன், அந்தப் பாதியை மறுபடி தெளித்துவிடுவோம் என்றும் சொன்னாள். மன்னிப்புக் கேட்பது போல அதைச் சொல்லவில்லை. போன்ஹியும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. சரிக்கா என்று மட்டும் சொல்லிவிட்டுத் தின்றாள். நன்றாகத் தின்றாள். கொப்புளம் எரியக் கிண்ணத்தை விரல் நுனிகளால் பிடித்துக்கொண்டு, சாற்றை ஊதி ஊதி, ஒரு பருக்கை மீதம் வைக்காமல் தின்றாள்.

வெளியே கரா தொட்டியைத் தொடாமல் மலைப் பக்கமே பார்த்து நின்றது.

கெசுன் இரண்டாம் தடவை சோறு போடும்போது போன்ஹியின் கை பாதியில் நின்றது. கரண்டியை வைத்துவிட்டு வயிற்றின் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டாள். பார்வை எங்கோ உள்ளே போயிற்று.

"உதைக்குதா?" என்றாள் கெசுன்.

"ம். சாப்பிட்டா போதும், ஆரம்பிச்சிருது." போன்ஹி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "தொட்டுப் பாக்குறீகளாக்கா?"

கெசுன் அகப்பையைப் பிடித்தபடி இருந்தாள். அந்த வயிற்றைப் பார்க்கவும் முடியவில்லை, பார்வையை எடுக்கவும் முடியவில்லை. மடியில் இருந்த இடது கை, கராவிடம் பால் கறந்த கை, ஒரு தரம் விரிந்து மறுபடி மூடிக்கொண்டது.

"இன்னிக்கு வேண்டாம்" என்றாள். அகப்பை நிறையச் சோற்றை அள்ளிக் கிண்ணத்தில் போட்டாள். "தின்னு."